ஒரு பரிந்துரைக் கடிதத்தின் வரலாறு

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளிலிருந்து வெளிவரும் கோப்பைகளில் சிலவற்றை உற்றுநோக்கினால், மேற்பூச்சில் சிலந்தி வலைபோல நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருப்பதைக் காணலாம். பயன்படுத்தத் தடையில்லை, விலைதான் போகாது. அத்தகைய கோப்பை ஒன்று நம் மேசையின்மேல் எழுதுகோல்களைத் தாங்கி நிற்கின்றது. அதன் கதையை முதலில் சொல்லிவிட்டு வரலாற்றுக்குள் செல்வதே முறையாகும்.

சேத்தியாத்தோப்பில் நாம் பங்குப்பணி ஏற்ற இரண்டாம் ஆண்டு அது. ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, சக்ரீஸ்து வாசலில் இளைஞன் ஒருவன் தயங்கி நின்றான். பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். தந்தை விருத்தாசலத்தில் சூளை வேலைக்குச் செல்பவர். கையில் அந்தக் கோப்பை இருந்தது. மண்ணாலான உடலும் அதன்மேல் பூசிய பூச்சும் குளிரும்போது ஒரே அளவில் சுருங்குவதில்லை என்றும், பூச்சு கூடுதலாகச் சுருங்கினால் இழுபட்டு வெடிக்கின்றது என்றும் அவன் விளக்கினான். எந்த மண்ணோடு எதைச் சேர்த்தால் இரண்டும் ஒத்துச் சுருங்கும் என்று ஆராய வேண்டும் என்பது அவன் ஆசை. பிறகு கேட்டான்: “சாமி, டிகிரி படிக்கும்போதே ஆராய்ச்சி செய்ய எங்கேயாவது சேத்துக்குவாங்களா?”

நாம் சொன்ன மறுமொழி இன்றும் நினைவிலிருக்கின்றது. “முதல்ல பட்டத்தை வாங்கு தம்பி. அப்புறம் பி.எட். முடி. நம்ம பள்ளிக்கூடங்கள்ல ஏதாவது இடம் பார்ப்போம்” என்றோம். அவனும், “சரிங்க சாமி” என்று சொல்லி, கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்பாகத்தான் சொன்னோம், அறியாமையோடும் சொன்னோம். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம், தில்லியிலும் பிரயாக்ராஜிலும் உள்ள வேறிரு அறிவியல் கழகங்களோடு சேர்ந்து, இளநிலை மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஓர் அறிவியலாளரிடம் இரண்டு மாதம் ஆராய்ச்சி பழக அனுப்பும் திட்டம் ஒன்றை ஆண்டுதோறும் நடத்தி வருகின்றது. அதை நாம் அறிந்தபோது அவன் இறுதித் தேர்வு எழுதிவிட்டு, திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வணக்கம் சொல்லிப் போவான். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவன் குறை சொல்லாததே நம்மை உறுத்திற்று. ஆகவே, முன்னே போனவர்கள் எந்த வாயிலில் நுழைந்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

தேடலின் முதல் தடயம் நம் பழைய தென்னார்க்காட்டிலேயே கிடைத்தது. 1910ஆம் ஆண்டு, மணமாகி ஓராண்டு கடந்திருந்த, வேலையற்ற ஓர் இளைஞர், கையில் கணக்குப் புத்தகத்தோடு திருக்கோவிலூர் வந்து சேர்ந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும், பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தோற்று, பட்டப்படிப்பின் முதற்படியையே தாண்டாதவர் அவர். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகம் உருவாகக் காரணமானவர். தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்பதே வந்தவரின் விண்ணப்பம். துணை ஆட்சியர் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்காரவைத்து இந்த அறிவை நெரித்துவிட அவருக்கு மனம் வரவில்லை. வேலை கொடுக்கவில்லை, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வந்தவர் சீனிவாச இராமானுசன் என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பர்.

அக்கடிதங்கள் பேராசிரியர் சேஷு ஐயரிடமும், அவர் வழியாக நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவிடமும் கொண்டு சேர்த்தன. 1912 மார்ச் முதல் நாள் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளம். 1913 சனவரியில் கேம்பிரிட்சிலிருந்த ஹார்டிக்குக் கடிதம். அதே ஆண்டு மே முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. பட்டம் பெறாதவருக்கு அத்தொகை வழங்க விதி இடம் தரவில்லை. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் இருந்தோர் சிலர் விதியைச் சுற்றி ஒரு வழி கண்டனர். விதி காப்போரைப் பற்றி நாம் அடிக்கடி முணுமுணுக்கின்றோம். இத்தகையோரும் அவர்களிடையே இருந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஹார்டியைப் பற்றி உலகம் பேசுகின்றது. திருக்கோவிலூர்த் துணை ஆட்சியர் அன்று ‘பார்க்கலாம்’ என்று சொல்லி ஒரு குமாஸ்தா நாற்காலியைக் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பேசுவோர் குறைவு. நாம் அந்த இளைஞனுக்குக் காட்டியதும் ஒரு நாற்காலியைத்தானே!

அடுத்தவர் சர் சி. வி. இராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, நிறமாலைமானியில் தாம் கண்ட ஓர் ஒளி நிகழ்வை எழுதி இலண்டனுக்கு அனுப்ப, 1906 நவம்பரில், அவருக்கு 18 வயது நிறைவுறும் தறுவாயில், ‘பிலசாபிக்கல் மேகசின்’ என்னும் இதழில் அது வெளியாயிற்று. பேராசிரியர் ஜோன்ஸ் அவரை வகுப்பில் கட்டிப்போடாமல் ஆய்வகத்தில் விருப்பம்போல் உலவவிட்டிருந்தார். ஆயினும் படிப்பு முடிந்ததும் ஆராய்ச்சிக்கு இடமேது? நிதித்துறைத் தேர்வெழுதி, 1907இல் கல்கத்தாவுக்கு அரசுக் கணக்கு அதிகாரியாகச் சென்றார். அங்கே பௌபஜார் தெருவில் ஒரு கட்டடத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது: இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். அலுவலகம் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் அங்கேதான் அவர் ஆராய்ந்தார். 1928 பிப்ரவரி 28இல் அவர் பெயர் தாங்கிய ஒளிவிளைவு வெளிப்பட்டதும், அதற்கு 1930இல் நோபல் பரிசு கிட்டியதும் அந்தக் கழகத்தில் நடந்த பணியால்தான்.

அந்தக் கட்டடம் எவ்வாறு அங்கே வந்தது? மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் கழகத்தை நிறுவியபோது அவருக்குத் தோள்கொடுத்தவர்களுள் ஒருவர் தந்தை யூஜின் லஃபோன். பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குருவான இவர், கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். ஜகதீச சந்திர போஸ் இவரிடம் படித்தவர். கழகத்தில் பல ஆண்டுகள் மக்களுக்கு அறிவியற் சொற்பொழிவு ஆற்றினார். 1908இல் காலமானார். எவருக்காகக் கதவு திறந்து வைத்தார் என்று தெரியாமலே இறந்தவர் என்று அவரைச் சொல்லலாம். குருமடத்தில் நாம் இறையியல் பயின்ற நாள்களில், தூய ஆல்பர்ட் தம் மாணவர் தோமா அக்குவினாரை மற்றவர்கள் ‘ஊமை எருது’ என்று கேலி செய்தபோது அவருடைய ஆற்றலை அடையாளம் கண்டுகொண்டார் என்று படித்தோம். அதே ஆல்பர்ட்டைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1941இல் இயற்கை அறிவியலாரின் பாதுகாவலராக அறிவித்ததும் பாடத்தில் இருந்தது. தேர்வில் இரண்டையும் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். சக்ரீஸ்து வாசலில் அது நினைவுக்கு வரவில்லை.

இராமனின் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகரின் கதை இளநிலை மாணவர்க்கு இன்னும் நெருக்கமானது. கணிதம் படிக்க விரும்பியவர், தந்தையின் எண்ணப்படி மாநிலக் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தார். 1928 கோடையில் கல்கத்தா சென்று சிற்றப்பாவின் ஆய்வுக்கூடத்தில் விடுமுறையைக் கழித்தார். விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றிய எடிங்டனின் நூலை அங்கே படித்தார். அதே ஆண்டு செர்மானிய இயற்பியல் அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னை வந்தார். சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே நேரில் சென்று சந்தித்தார். தாம் கரைத்துக் குடித்திருந்த சோமர்ஃபெல்டின் நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்ற செய்தியை அவர் வாயிலிருந்தே கேட்டார். வேறொருவராயிருந்தால் சோர்ந்து திரும்பியிருப்பர். அறிஞரோ, இன்னும் அச்சேறாத தம் புதிய கட்டுரையின் மெய்ப்பைக் கொடுத்தனுப்பினார். அதைக் கற்று எழுதிய கட்டுரையைச் சந்திரசேகர் 1929 தொடக்கத்தில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஃபௌலருக்கு அனுப்ப, அவ்வாண்டே இலண்டன் அரச கழகத்தின் இதழில் அது வெளியாயிற்று. அப்போது எழுதியவருக்கு வயது 18. பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. 1983இல் நோபல் பரிசு பெற்ற பயணத்தின் தொடக்கம் அது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சந்திரசேகரின் துணிவு போற்றத்தக்கது. ஆனால், சிற்றப்பா இராமன். தந்தை உயர் அதிகாரி. தாயார் இப்சனின் நாடகத்தைத் தமிழாக்கியவர். அறிஞர் ஒருவரின் அறைக் கதவைத் தட்டலாம் என்பது அத்தகைய வீட்டில் சொல்லாமலே தெரிந்துவிடும். சூளைத் தொழிலாளியின் மகனுக்குக் கதவு இருப்பதே தெரியாது. ‘முயன்றால் முடியும்’ என்று மேடையில் முழங்குகின்றோமே, அது பாதி உண்மைதான். மீதிப் பாதிக்கு இன்னொரு மனிதர் தேவை.

அப்படிப்பட்ட மனிதராய் வாழ்ந்தவர் தந்தை சார்லஸ் ரசீன். நம் சபையார் பலர் இப்பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். கணித உலகம் மறக்கவில்லை. 1897இல் பிரான்சில் பிறந்து இயேசு சபையில் சேர்ந்தவர். பாரிசில் எலீ கார்த்தான் என்னும் மாமேதையிடம், சார்பியற் கோட்பாட்டைச் சார்ந்த ஒரு சிக்கலை ஆராய்ந்து 1934இல் முனைவர் பட்டம் பெற்றார். 1937இல் திருச்சி தூய வளனார் கல்லூரிக்கும், 1939இல் சென்னை இலயோலா கல்லூரிக்கும் ஆசிரியராக வந்தார். பாரிசிலேயே இருந்திருந்தால் தாமும் பெரும் கண்டுபிடிப்புகளைச் செய்திருக்கக்கூடும். இங்கே அவர் தலையில் விழுந்தவை வகுப்புகளும் விடைத்தாள்களுமே. அவர் வகுப்பில் வழவழவென்று பேசித் தேர்வுக்குக் குறிப்புக் கொடுப்பவர் என்றும் பெயரெடுத்தவரல்லர்.

பின் எதைக் கொடுத்தார்? அக்காலத்துச் சென்னைப் பாடத்திட்டம் பழைய இங்கிலாந்துத் தேர்வு முறையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாரிசிலோ ஆந்திரே வெய்ல், ஹென்றி கார்த்தான் முதலிய இளைஞர்கள் கணிதத்தின் அடித்தளத்தையே மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தனர். தந்தை ரசீன் அவர்களை நேரில் அறிந்தவர். அந்தப் புதிய நூல்களைத் தம் மாணவரின் கையில் கொடுத்தார். 1945இல் ஓமி பாபா நிறுவிய, பம்பாயிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் கணிதப் பிரிவு ஒன்று வளர்ந்து வருவதை அறிந்து, தகுந்த மாணவரை அங்கே விண்ணப்பிக்கச் சொன்னார்; பரிந்துரைக் கடிதம் எழுதினார். இவ்வளவுதான் அவர் செய்தது.

வடஆற்காடு மாவட்டத்துத் தண்டரை என்னும் சிற்றூரில் 1932இல் பிறந்தவர் எம். எஸ். நரசிம்மன். அதே ஆண்டு காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கற்பட்டில் வளர்ந்தவர் சி. எஸ். சேஷாத்திரி. இருவரும் இலயோலாவில் ரசீன் அடிகளிடம் பயின்று, 1953இல் பம்பாய் சென்றனர். 1965இல் இவர்கள் சேர்ந்து வெளியிட்ட தேற்றம், வடிவகணிதத்தின் இரு வேறு நிலப்பகுதிகளுக்கு இடையே பாலமிட்டது. நரசிம்மன்–சேஷாத்திரி தேற்றம் என்றே அது உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றது; பின்னாளில் இயற்பியலாருக்கும் பயன்பட்டது. பிற்காலத்தில் இருவருமே இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராயினர்.

அவர்களுக்குப் பின் வந்தவர் சி. பி. இராமானுஜம். 1938இல் பிறந்தவர். கல்கத்தாவிலிருந்த புள்ளியியல் நிலையத்தில் அவர் சேரவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ரசீன் அடிகளின் ஊக்கத்தாலும் பரிந்துரையாலும் 1957இல் பம்பாய் சென்றார். அந்தப் பரிந்துரையில் அடிகள் புகழ்ச்சி மழை பொழியவில்லை. இவரிடம் சுயமாகச் சிந்திக்கும் மனம் இருக்கின்றது. தக்க வாய்ப்புக் கிடைத்தால் நல்ல ஆராய்ச்சியாளராவதற்கேற்ற அறியும் ஆவல் இருக்கின்றது என்ற பொருளில் அளந்து எழுதினார். மதிப்பெண் பட்டியல் காட்டாத இரண்டைக் காட்டிய கடிதம் அது. பம்பாயில் அவர் செர்மானியக் கணித அறிஞர் சீகல் தொடர்பான கடினமான எண்கோட்பாட்டு வினாக்களில் சாதித்தார். அவர் பெயர் தாங்கிய தேற்றமும் இருக்கின்றது. எனினும் உளநோய் அவரை வாட்டிற்று. 1974இல், 36 வயதில், மறைந்தார். ஒரு கடிதம் ஒருவனை வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே அவன் தனித்துப் படும் பாட்டுக்கும் யாரேனும் அருகிருக்க வேண்டும். இதை எழுதும்போது கை சற்றுத் தயங்குகின்றது.

தந்தை ரசீன் 1976இல் இறந்தார். அவருடைய கதை அங்கே முடியவில்லை. சேஷாத்திரி 1989இல் சென்னையில் ஒரு கணித நிலையத்தைத் தொடங்கினார். இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம் அதுவே. 1998 முதல் அங்கே இளநிலைப் பட்ட வகுப்பு நடைபெறுகின்றது. ஆராய்ச்சி செய்பவர்களே முதலாண்டு மாணவருக்குப் பாடம் எடுக்கின்றனர். இலயோலாவில் தமக்குக் கிடைத்ததைப் பதினெட்டு வயதினர் பலருக்கும் கிடைக்கச் செய்தார் என்றே நாம் இதை வாசிக்கின்றோம். சேஷாத்திரி 2020இலும், நரசிம்மன் 2021இலும் மறைந்தனர்.

நம் கத்தோலிக்கக் கல்லூரிகளின் வரலாற்றை எழுதுவோர் லஃபோனையும் ரசீனையும் கொண்டாடுவது நியாயமே. ஆனால் உள்ளதைச் சொன்னால், நம் நிறுவனங்கள் பெரும்பாலும் எழுத்தரையும் ஆசிரியரையும் வங்கி அலுவலரையுமே உருவாக்கின. அதில் இழிவில்லை, எத்தனையோ குடும்பங்கள் அதனால் பசியாறின. நாமே அப்படிப்பட்ட ஆசிரியர் ஒருவரின் மகன். பசியாறிய வீட்டின் அடுத்த தலைமுறை வேறொன்றைக் கேட்கும்போதும் அதே பழைய மறுமொழியையே எடுத்து நீட்டுகின்றோமே, அங்கேதான் பிசகு.

இன்று கதவுகள் ரசீன் காலத்தைவிட மிகுதி. மேலே சொன்ன கோடைத் திட்டத்துக்குக் கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. கணித மாணவருக்கு 1993 முதல் நடைபெறும் கோடைப் பயிற்சி முகாம்கள் உள்ளன. மும்பையில் ஓமி பாபா அறிவியல் கல்வி மையம் இளநிலை மாணவரை ஆய்வுக்கு அழைக்கின்றது. காரைக்குடியில், வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் ஈந்ததால் 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் நமக்கு ஒரு பகல் பயணத் தூரத்தில் இருக்கின்றது. கொல்கத்தாவில் கண்ணாடிக்கும் பீங்கானுக்குமென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. விருத்தாசலத்துக் கோப்பை போய்ச் சேர வேண்டிய முகவரி அதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் இவற்றின் அறிவிப்புகள் கல்லூரி அலுவலகத்தின் கோப்பில் படுத்துவிடுகின்றன; கைப்பேசியில் வந்தாலும், ‘இது நமக்கல்ல’ என்று மாணவன் தானே தள்ளிவிடுகின்றான். விண்ணப்பத்தில் கேட்பது என்ன? மதிப்பெண், ஆராய்ச்சியில் என்ன செய்ய விரும்புகின்றாய் என்று ஒரு பக்கத்துக்கும் குறைவான எழுத்து, தன்னை அறிந்த ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை. முதல் இரண்டும் மாணவன் கையில் உள்ளவை.

சென்ற நவம்பரில் அந்த இளைஞனின் தங்கை வந்தாள். அவளும் வேதியியல், அதே கல்லூரி. “அண்ணன்தான் சாமியைப் பார்க்கச் சொல்லிச்சு” என்றாள். அதைக் கேட்டு நாம் சற்று நேரம் பேசாமலிருந்தோம். நம் கடிதம் அங்கே செல்லாது; குருவின் பரிந்துரை பெற்றோர் மனத்தை மாற்றலாம், அறிவியல் கழகத்தை மாற்றாது. ஆகவே மறுநாள் அவளையும் அவள் தாயாரையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குச் சென்றோம். பேராசிரியை அம்மையார் எங்களை உட்காரவைத்து, விவரத்தைக் கேட்டுவிட்டு, “இத்தனை வருஷ சர்வீஸ்ல இதை என்கிட்ட யாரும் கேட்டதே இல்லை, ஃபாதர்” என்றார். அவருடைய குரலில் வருத்தமும் இருந்தது. இரண்டு மாதம் வெளியூரில் தங்கவேண்டுமே என்று தாயார் கவலைப்பட்டார். அதற்கும் அந்த அம்மையாரே பொறுமையாக மறுமொழி சொன்னார்.

தன் ஆசையை அவள் தமிழில் எழுதிவந்தாள். நாமும் அவளும் பங்கு அலுவலகத்தில் அமர்ந்து ஆங்கிலமாக்கினோம். ‘சிறு வயது முதல் அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்கியிருந்ததை அடிக்கச் சொல்லி, கோப்பையைக் காட்டினோம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெடிப்பிலிருந்தே தொடங்கினாள். கெடுவுக்கு இரண்டு நாள் இருக்க, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலுள்ள கணினி மையத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பேராசிரியையின் கடிதம் ஏறிவிட்டதென்று திரை காட்டிற்று. அவள் உடனே அண்ணனுக்குப் பேசினாள். அவன் நம்மிடமும் பேசவேண்டும் என்றானாம், கைப்பேசியை வாங்கினோம். “சாமி, அந்தக் கோப்பை இன்னும் இருக்குதா?” என்று கேட்டான்.

இருக்கின்றது என்றோம். முடிவு இன்னும் வரவில்லை.